மாத்திரை மாறும் வாரங்கள்

மனச்சோர்வுக்குச் சாப்பிடும் மாத்திரையை மாற்றுவது தோல்வியின் அடையாளம் இல்லை. முதல் மருந்து எல்லோருக்கும் கேட்பதில்லை. அமெரிக்காவில் நடந்த 'ஸ்டார்-டி' என்ற பெரிய ஆய்வில் முதல் மருந்தில் முழுக் குணம் கண்டவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பலன் இல்லாமல் வேறு மருந்துக்கு மாறியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் தேறினார் என்று 2006இல் வெளியான முடிவு காட்டியது. பழைய மருந்து உடம்பை விட்டுப் போய், புதியது வேலைசெய்யத் தொடங்கும் வரையான சில வாரங்கள்தான் கவலைக்குரியவை. அந்த வாரங்களை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் கிடைக்காது.

சென்னை ஆழ்வார்பேட்டையில் டிடிகே சாலையை ஒட்டிக் கிளினிக்குகளுக்கும் மெடிக்கல் ஷாப்புகளுக்கும் குறைவே இல்லை. ஒரு டாக்டர் பிடிக்கவில்லை என்றால் இன்னொருவர். பழைய சீட்டு வீட்டில் கிடக்க, "ராத்திரி ஒரு வெள்ளை மாத்திரை" என்று புதியவரிடம் சொல்கிறோம். அவர் எழுதித் தருகிறார். பழையதை இன்றே விடுவதா, குறைத்துக்கொண்டே வருவதா என்று கேட்காமல் படி இறங்கிவிடுகிறோம்.

அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சில மருந்துகளை ஒரே நாளில் மாற்றலாம். சிலவற்றில் ஒன்றைக் குறைத்தபடியே மற்றதைக் கூட்ட வேண்டும். வேறு சிலவற்றில் இடையில் எதுவும் சாப்பிடாமல் காத்திருக்க வேண்டும். பாராக்ஸெட்டினையும் வென்லாஃபாக்ஸினையும் சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். நோய்தான் திரும்பிவிட்டது என்று வீட்டில் பயப்படுவார்கள். ஃப்ளூஆக்ஸெட்டின் இதற்கு நேர்மாறு. நிறுத்திய பிறகும் அதன் மிச்சம் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். சிலவகை மருந்துகளுக்கு மாற ஐந்து வாரம் பொறுக்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் இன்னொரு கண்ணி உண்டு. எஸ்சிட்டலோபிராமும் குளோனாசெபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை இங்கே பரவலாக எழுதப்படுகிறது. முதலாவது மனச்சோர்வுக்கு, இரண்டாவது பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் அதை நிறுத்தினால் இரண்டும் ஒன்றாக நின்றுபோகும். குளோனாசெபாம் திடீரென நின்றால் தூக்கம் கெடும், கைகால் நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரலாம். பழியெல்லாம் புது மாத்திரைமேல் விழும். அதனால் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் எத்தனை மருந்துப் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு இருந்தால் டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

இரண்டு மனச்சோர்வு மருந்துகள் உடம்பில் ஒன்றுசேரும் நாட்களில் வலிக்கு டிரமடால், வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெதார்பன், கிருமிக்கு லினசோலிட் ஆகியவை ஆபத்தாகலாம். காய்ச்சல், வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேதி, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். புது மருந்து தொடங்கிய முதல் வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு, உயிரை விடும் எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் வாய்விட்டே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனநல உதவி எண்ணான 14416இல் இரவும் பகலும் தமிழில் பேசலாம். 1986இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050.

உங்கள் பக்கம் சட்டமும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை என்ன, வேறு வழிகள் என்ன, பக்கவிளைவு என்ன என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லச் சொல்கிறது. சிகிச்சைப் பதிவுகளைப் பெறும் உரிமையும் அதில் உண்டு. டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். டாக்டரை மாற்றுகிறவர் முதலில் பழைய கிளினிக்கில் இந்தப் பதிவுகளை எழுதிக் கேட்க வேண்டும். புதியவரிடம், எந்தத் தேதியில் எது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி வாங்க வேண்டும். இதைக் கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் "அது ஸ்டாக் இல்லை, இது அதேதான்" என்றால் மறுத்துவிடுங்கள். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, சீட்டில் இருப்பதற்குப் பதிலாக இந்த வகை மருந்துகளில் வேறொரு தயாரிப்பைத் தரக் கூடாது, உள்ளிருக்கும் மருந்து ஒன்றாகவே இருந்தாலும். புகாரை ஆழ்வார்பேட்டைக்குப் பக்கத்திலேயே, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தரலாம். மோசமான பக்கவிளைவை நோயாளியே 1800-180-3024இல் பதிவு செய்யலாம். டாக்டரின் அலட்சியம் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. நட்ட ஈடு வேண்டுமானால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது சீட்டும் பில்லும்தான். இரண்டையும் மாத்திரை அட்டையையும் அன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.