சொல்லை நம்பி வந்த பொதிமாடுகள்

தரங்கம்பாடிக்கு மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது டேனியர் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறோம். தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்குக்கும் 1620-இல் உடன்படிக்கை ஏற்பட்டது, டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது, 1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது என்று மூன்று வரிகளில் பாடம் முடிந்துவிடுகிறது. அது அரசுகள் செய்துகொண்ட நட்பு. வணிகம் நடந்தவரை நீடித்தது. லாபம் குறைந்ததும் விலைக்குப் போனது.

அதே காவிரிப் படுகையில் இன்னொரு வகை நட்பும் வளர்ந்தது. மொழி கற்றும், கடிதம் எழுதியும், பசித்தவருக்குச் சோறிட்டும் தனிமனிதர்கள் வளர்த்த நட்பு அது. பன்னாட்டு அமைதியை வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 51-ஆவது பிரிவு. அந்த அமைதியில் குடிமக்களின் பங்கு என்ன என்று மாணவர் கேட்டால், பதில் சொல்லத் தஞ்சை மண்ணிலேயே சான்றுகள் உள்ளன.

மணலில் எழுதிய பெரியவர்கள்

டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்ச்சோ என்னும் இரு ஜெர்மானியர்கள் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தனர். சமயம் பரப்புவதே அவர்கள் வந்த நோக்கம். ஆனால் மக்களோடு பேசத் தமிழ் வேண்டுமே? உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் செய்தனர். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றனர்.

வேற்று நாட்டிலிருந்து கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பின்னர் சீகன்பால்கு தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். தமிழ் இலக்கணத்தை லத்தீன் மொழியில் எழுதினார். அது 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. 1714-இல் அவர் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். இங்கே அவர்கள் வந்து கற்றதுபோல, அங்கே இவர் சென்று தமிழைப் பேசிக் காட்டினார்.

99 கடிதங்கள்

1712 முதல் 1714 வரை, மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் கடிதங்களாகப் பதில் எழுதினர். அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சிடப்பட்டன. நம் வழிபாடு, திருமணம், மருத்துவம், கல்வி, அன்றாட வாழ்க்கை எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. இங்கு வந்த ஐரோப்பியரின் நடத்தையில் தமிழருக்குப் பிடிக்காதவையும் மறைக்கப்படவில்லை. குறை சொல்லும் கடிதத்தையும் மொழிபெயர்த்து அனுப்பினார்கள் என்பதால்தான் இதைக் கருத்துப் பரிமாற்றம் என்று சொல்ல முடிகிறது. ஒரு பக்கம் மட்டும் பேசியிருந்தால் அது வெறும் அறிவிப்பாகவே இருந்திருக்கும்.

இதற்கு எல்லையும் இருந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்கு எழுதி முடித்த நூலை வெளியிட ஹாலேயில் இருந்த பெரியவர்கள் விரும்பவில்லை. அது 1867-இல்தான் அச்சேறியது. நேரில் வந்து பழகியவருக்கு ஏற்பட்ட மதிப்பு, தொலைவில் இருந்து அனுப்பியவர்களுக்கு ஏற்படவில்லை.

தோற்றுப்போன தூது

1750-இல் அதே தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர் சுவார்ட்ஸ் என்னும் ஜெர்மானியர். தமிழ், மராத்தி, பாரசீகம் உட்படப் பல மொழிகளைக் கற்றார். திருச்சியிலும் தஞ்சையிலும் நீண்ட காலம் தங்கினார். 1779-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஹைதர் அலியிடம் சமாதானம் பேச அனுப்பியது. ஹைதர் அவரை மதிப்போடு வரவேற்றார். வழிச்செலவுக்கென்று பணமும் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்குச் செலவிட்டார்.

தூது பலிக்கவில்லை. ஹைதருக்குப் பொருள்கள் வந்து இறங்கிய மாஹே துறைமுகத்தை அதே ஆண்டில் கம்பெனி கைப்பற்றியிருந்தது. ஒரு கை சமாதானம் பேச, மறு கை போர் செய்தால் எந்தத் தூதரால் என்ன செய்ய முடியும்? 1780-இல் போர் மூண்டது. ஆனாலும் சுவார்ட்ஸ் மீது ஹைதர் கொண்ட நம்பிக்கை குலையவில்லை. அவரைத் தடுக்காமல் மரியாதையோடு போகவிடும்படி தம் அதிகாரிகளுக்குச் சொல்லிவைத்தார். அரசுகளுக்கிடையே நம்பிக்கை முறிந்த பிறகும் மனிதருக்கிடையே அது எஞ்சியிருந்தது.

80,000 கலம்

அந்த நம்பிக்கையின் பயன் பஞ்ச காலத்தில் தெரிந்தது. 1781-இல் போர் தஞ்சை நாட்டை அழித்தது. வயல்கள் பாழாயின, மக்கள் பசியால் தெருக்களில் விழுந்து மடிந்தனர். கோட்டைக்குள் தானியம் இல்லை. கிராமங்களில் தானியம் இருந்தும் அதைக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்கு உரிய விலை கிடைக்காததால் அரண்மனையின் பேச்சையோ கம்பெனியின் பேச்சையோ நம்ப யாரும் தயாராக இல்லை.

சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். மாடு எதிரியிடம் பறிபோனால் அதன் விலையைத் தம் கையாலேயே தருவதாக வாக்களித்தார். ஓரிரு நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. சிறிது காலத்தில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது என்று அவரே எழுதியுள்ளார். கலம் என்றால் 12 மரக்கால் என்று அறிந்த டெல்டா மாணவர்கள், இது எத்தனை மரக்கால் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த நிகழ்வில் அந்த வெளிநாட்டவரின் நல்ல மனம் மட்டும் அல்ல, மாட்டை ஓட்டிவந்த உழவர்களின் துணிவும் இருக்கிறது. மாடு போனால் அடுத்த உழவு இல்லை என்று தெரிந்தும் அவர்கள் வந்தார்கள். பல ஆண்டுகள் தங்கள் மொழியில் பேசிப் பழகிய ஒருவரின் சொல் என்பதால் நம்பினார்கள். உதவியில் கொடுப்பவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. நம்பியவர்களின் பெயர் நிற்பதில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை.

வகுப்பறைக்கு

இளவரசராக இருந்தபோது சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், 1798-இல் மறைந்த அவருக்காக இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அதைக் காணலாம். மன்னர் தம் சமயத்தை விடவில்லை, நன்றியையும் மறக்கவில்லை. தஞ்சை அரசின் சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்குச் சோறும், நோயாளிகளுக்கு மருத்துவமும், ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைத்தன. அறம் எந்த ஒரு நாட்டுக்கும் உரிய தனிச்சொத்து அல்ல என்பதற்கு இது சான்று.

இவற்றிலிருந்து வகுப்பறையில் செய்யக்கூடியவை:

கடிதம். இலங்கை, மலேசியா போன்ற நாடுகளில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு பள்ளியைத் தேர்ந்து வகுப்பாகக் கடிதம் எழுதலாம். பெருமைகளை மட்டும் அடுக்காமல், எங்கள் ஊரில் தண்ணீர் எப்போது வரும், எது எங்களுக்குக் கவலை என்றும் எழுதட்டும். அவர்களிடம் கேட்க ஐந்து கேள்விகளையும் சேர்க்கட்டும்.

உதவி. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கடற்கரைக்கு உலகெங்கிலுமிருந்து உதவி வந்தது. அதே நேரம், யாரும் கேட்காத பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. நிவாரணம் திரட்டும்முன் ‘உங்களுக்கு என்ன தேவை?’ என்று கேட்கும் பழக்கத்தை மாணவரிடம் வளர்க்கலாம்.

உரையாடல். ஹைதர் அலி, கம்பெனி அதிகாரி, தூதர், தஞ்சை உழவர் என நான்கு குழுக்கள் அமைத்து, ‘யாருடைய சொல்லை, ஏன் நம்புவது?’ என்று விவாதிக்கச் செய்யலாம்.

போரை நிறுத்தும் அதிகாரம் நம் மாணவர்கள் கையில் இல்லை. அயல்மொழிக்காரர் ஒருவரைப் பொறுமையாகக் கேட்பதும், கொடுத்த வாக்கைக் காப்பதும் அவர்களால் முடியும். நம்பிக்கையை விதைநெல்போல முன்பே சேர்த்து வைக்க வேண்டும். பஞ்சம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது.