கம்ப்யூட்டர் சொன்ன பொய். கம்பி எண்ணிய கடைக்காரர்கள்!
"புரோகிராமுக்கும் தரம் பார்க்கணுமுங்க"

அன்னூர் வட்டாரத்துப் பஞ்சாலைகளில் நூல் அப்படியே லாரி ஏறிவிடாது. கவுண்ட் சரியா, இழுத்தால் தாங்குமா என்று பார்த்த பிறகே வெளியே போகும். கோவையில் 1956-ம் ஆண்டிலேயே 'சிட்ரா' ஜவுளி ஆராய்ச்சி நிலையம் தோன்றிவிட்டது.

ஆனால் கம்ப்யூட்டர் புரோகிராம்? அன்னூரில் பஸ் ஏறி கோவைக்குப் படிக்கப் போகும் மாணவர்களில் பலர் நினைப்பது இதுதான்: விடை வந்தால் சரி, மார்க் கிடைத்துவிடும்!

அது எங்கே கொண்டுபோய் விடும்?

திரையில் குறைந்த பணம்

இங்கிலாந்தில் கிளைத் தபால் நிலையங்களை நடத்தியவர்களில் பலர் சின்னக் கடைக்காரர்கள். 1999-ல் அங்கே 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு வந்தது. யாரும் கை வைக்காத பணம் திரையில் குறைந்தது. கம்ப்யூட்டரை நம்பினார்கள், மனுஷனை நம்பவில்லை. 2015-க்குள் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணி ஒருவரும் ஜெயிலுக்குப் போனார்!

புரோகிராமில் பிழை இருந்ததை 2019-ல் ஐகோர்ட்டு சொன்னது. 2024-ல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். போன மானம் திரும்புமா?

மைனஸ் 5 கிலோ அரிசி!

வகுப்பில் இதை எப்படிச் சொல்லித் தருவது? மளிகைக் கடை பில் போடும் புரோகிராம் இரண்டை மாணவர்கள் முன் வைக்கலாம். 5 கிலோ அரிசி என்றால் இரண்டும் ஒரே தொகைதான் காட்டும். கை தவறி 'மைனஸ் 5' என்று தட்டினால்? ஒன்று "தப்பு" என்று நிற்கும். மற்றது பில்லில் பணத்தைக் கழித்துவிடும். நஷ்டம் முதலாளிக்கு!

நாளை வரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதுமா, ஒன்பது இடத்தில் தேடணுமா? அடுத்தவர் படித்தால் புரியுமா? இப்படிக் கேட்கப் பழக்கினால் நல்லது எது, ஒப்பேற்றியது எது என்று மாணவருக்கே பிடிபடும்.

ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வரி வரியாகப் படித்துப் பிழை பிடிக்கும் முறையை ஐ.பி.எம். கம்பெனியின் மைக்கேல் ஃபேகன் 1976-லேயே எழுதி வெளியிட்டார். இதற்குப் புது மிஷின் வேண்டாம். நாலு பேரும் பொறுமையும் போதும்.

இன்று நிமிஷத்தில் ஏ.ஐ. புரோகிராம் எழுதித் தருகிறது. எழுதுவது சுலபமாகிவிட்டது, அது தேறுமா என்று பார்ப்பதுதான் இனி வேலை. நூலை இழுத்துப் பார்த்து வாங்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வராதா என்ன?