உஷார்! புது பஸ்ஸின் விலை ஒன்றேமுக்கால் கோடி இல்லை

புது பஸ் வருதாம், மின்சார பஸ்ஸாம், ஏசியாம் என்ற பேச்சு ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடை வரை வந்துவிட்டது. வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் குடியிருப்பவர்களும் அங்கே வேலைக்கு வந்து போகிறவர்களும் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சமயத்தைக் கோட்டைவிட்டால், அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு எந்த ஆபீஸ் வாசலில் நின்றாலும் ‘ஒப்பந்தம் அப்படித்தாங்க இருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் விலையைப் பார்ப்போம். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையில் முதலமைச்சர் ஸ்டாலின் 120 தாழ்தள மின்சார பஸ்களைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். மதிப்பு 207.90 கோடி ரூபாய் என்றார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பஸ் சுமார் ஒரு கோடியே 73 லட்சம். அம்மாடி என்று வாய் பிளந்தவர்களும் உண்டு, நாட்டுக்கு நல்லதுதானே என்று தலையாட்டியவர்களும் உண்டு. இரண்டு பேருமே அந்த எண்ணோடு நின்றுவிட்டார்கள். நம் பணம் போகிற வழி அந்த எண்ணில் இல்லை.

மாநகர் போக்குவரத்துக் கழகம் அந்த பஸ்களை வாங்கவில்லை. அவற்றுக்குச் சொந்தக்காரர் அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் குளோபல் மொபிலிட்டி என்ற நிறுவனம். பஸ், ட்ரைவர், பராமரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கழகம் கண்டக்டரைப் போடும், டிக்கெட் காசை எடுத்துக்கொள்ளும், ஓடின கிலோமீட்டருக்கு வாடகை கொடுக்கும். ஏசி இல்லாத பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 77 ரூபாய் 16 காசு. ஏசி பஸ்ஸுக்கு 80 ரூபாய் 86 காசு. ஒப்பந்தம் 12 வருடம்.

ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏசி இல்லாத பஸ் ஒன்று நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 15,432 ரூபாய். வருடத்துக்கு 56 லட்சத்துக்கும் மேல். பன்னிரண்டு வருடத்துக்கு ஆறேமுக்கால் கோடி. கண்டக்டர் சம்பளமும் பணிமனைச் செலவும் தனி. இதில் ட்ரைவர் சம்பளமும் பராமரிப்பும் அடக்கம் என்பதால் அநியாய விலை என்று நான் சொல்ல வரவில்லை. வால்வோ ஏசி பஸ்களைச் சென்னையில் ஆசை ஆசையாக வாங்கிவிட்டு, பிறகு பராமரிக்க முடியாமல் ஒவ்வொன்றாக ஓரங்கட்டியதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். பராமரிப்பை விற்றவர் தலையிலேயே கட்டுவது ஒருவகையில் நல்ல யோசனைதான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் சேஸிஸ் வாங்குவார்கள், கரூர்ப் பக்கம் பாடி கட்டி வரும், பஸ் கழகத்தின் சொத்தாக இருக்கும். ஒரு ரூட்டில் கூட்டம் இல்லையென்றால் இன்னொரு ரூட்டுக்கு மாற்றலாம், சும்மா நிறுத்தினாலும் டீசல் மிச்சம். இப்போது பஸ் காலியாக ஓடினாலும் அதே 77 ரூபாய்தான். போதாததற்கு, இந்த வகை ஒப்பந்தங்களில் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் ஓட்டுவோம் என்று உறுதி கொடுப்பது வழக்கம். ஓட்டாவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். அப்படியிருக்க, பணிமனைக்குப் பக்கத்தில், பகல் முழுக்க ஆள் ஏறி இறங்குகிற ரூட்டுகளைத்தான் அதிகாரிகள் முதலில் எடுப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

சென்னையின் முதல் 625 மின்சார பஸ்களுக்கு ஐந்து பணிமனைகள்: வியாசர்பாடி, பெரும்பாக்கம், சென்ட்ரல், தண்டையார்பேட்டை, பூந்தமல்லி. நமக்குக் கிட்டத்தில் இருப்பது பூந்தமல்லி. அங்கிருந்து ஒரகடம் வந்து திரும்ப சுமார் அறுபது கிலோமீட்டர் ஆகும். ஆள் இல்லாமல் பணிமனைக்குப் போய்வருகிற ஓட்டத்தை டெட் கிலோமீட்டர் என்பார்கள் போக்குவரத்துத் தொழிலாளர்கள். நம் பக்கம் சார்ஜ் போட இடம் இல்லாதவரை, ஒரகடத்துக்கு வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் அந்தக் கணக்கோடுதான் வரும். ரூட் பட்டியலில் பேனா வைக்கிற அன்று முதலில் அடிபடப்போவது நம் ஊர்ப் பெயர்தான்.

பி ஷிஃப்ட் விடுகிற ராத்திரி நேரத்தில் ஒருநாள் கூட்டுரோட்டில் நின்றிருந்தேன். கண்ணாடியில் ரூட் அட்டை சொருகிய கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, உள்ளே பாதி சீட்டுகளில் பிள்ளைகள் அப்போதே தூங்கிவிட்டார்கள். சாலை ஓரத்தில் கையில் டிபன் பை, கழுத்தில் இன்னும் கழற்றாத ஐடி கார்டோடு ஓர் அக்கா. கான்டீனில் வேலை, வீடு படப்பை. “எங்க பேரு கம்பெனி பஸ் லிஸ்ட்ல இல்லைங்க, நாங்க கான்ட்ராக்டர் ஆளுங்க” என்றார். ஷேர் ஆட்டோக்காரர் ஆளுக்கு ஐம்பது கேட்டார். பத்துப் பேர் சேர்கிற வரை வண்டி நகரவில்லை. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. ஆனால் அந்த நேரத்துக்கு பஸ் இருந்தால்தானே! மாதத்துக்கு 26 நாள் என்றால் 1,300 ரூபாய், வீட்டுக்குத் திரும்புகிற வழிக்கு மட்டும். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, லோடிங் ஆட்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். அத்தனை பேரில் ஒரு பகுதியினர் வார விடுமுறைக்கு வெளியே கிளம்பினாலே எத்தனை பஸ் வேண்டும்? பக்கத்து ஒரகடத்தில் டெய்ம்லர் 2015-இல் பஸ் தொழிற்சாலையே திறந்தது. நம் பிள்ளைகள் கையால் பஸ் செய்து அனுப்புகிறார்கள், அவர்கள் வீடு திரும்ப பஸ் இல்லை. எழுதும்போதே மனசு கொதிக்கிறது.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை 27.9 கிலோமீட்டருக்கு மதிப்பீடு 8,779 கோடி. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 315 கோடி. பஸ்ஸுக்கு அறிவித்த விலையில், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவுக்கான அந்தப் பணத்துக்கு ஏறத்தாழ 180 மின்சார பஸ்கள் வாங்கலாம். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரும்வரை இந்த அக்கா ஷேர் ஆட்டோவுக்காகக் காத்து நிற்க முடியாது, அவ்வளவுதான்.

கழகத்துக்குப் புரியவைக்க நம்மிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. நகரத்து ரூட்டில் காலையில் ஒரு பக்கம் கூட்டம் பிதுங்கும், திரும்பி வரும்போது சீட்டு காலியாக இருக்கும். ஷிஃப்ட் ஊரில் அப்படி இல்லை. சி ஷிஃப்ட்டுக்கு ஆளை இறக்கிவிட்டு, அதே பஸ் பி ஷிஃப்ட் விட்ட ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பலாம். போகும்போதும் ஆள், வரும்போதும் ஆள். கிலோமீட்டருக்கு 77 ரூபாய் கொடுக்கிற கழகத்துக்கு இதைவிட நல்ல ரூட் எங்கே கிடைக்கும்? தனியார் பஸ்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிற கம்பெனிகளிடம் ஒரு பங்கு கேட்டாலும் தப்பில்லை.

ஆகவே அடுத்த கிராமசபைக்குக் கட்டாயம் போங்கள். அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 என்று வருடத்தில் பல தடவை கூடுகிறது. ‘பஸ் வசதி வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் போடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் சார்ஜிங் வசதியோடு ஒரு பணிமனைக்கு இடம் கேளுங்கள். சிப்காட்டிடம் நிலம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த தொகுதி மின்சார பஸ்களின் ரூட் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள், ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச கிலோமீட்டர் எவ்வளவு என்பதையும் சேர்த்து. மாநகர் போக்குவரத்துக் கழகம், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் இரண்டுக்கும் மனு போகட்டும். இது இரண்டு பேர் எல்லையும் உரசுகிற இடம், ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் இன்னொருவரைக் கைகாட்டிவிடுவார்கள். யூனியன்காரர்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் கான்ட்ராக்ட் ஆட்களின் போக்குவரத்தையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள்.

மனுவில் நேரத்தை மறக்காமல் எழுதுங்கள். படப்பை அக்காவுக்கு பஸ் வேண்டியது இரவு 11 மணி 10 நிமிடத்துக்கு.