சுருங்க மறுக்கும் ரயில்

புனேயின் கோத்ருட் பகுதியில், கர்வே சாலையை ஒட்டி, ஜோஷி குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி என்பவர் பல ஆண்டுகள் சேர்த்தும் செய்தும் வைத்திருந்த மாதிரி ரயில்களைக் கொண்டு, 1998 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. ஒரே கூடத்துக்குள் ஒரு நகரம்: மேம்பாலம், ரோப்வே, சர்க்கஸ், திறந்தவெளித் திரையரங்கு, இவற்றுக்கு நடுவே சிக்னலுக்குக் கட்டுப்பட்டு ஓடும் ரயில்கள். கூடத்தின் விளக்குகள் மங்க, நகரத்துக்கு இரவு வருகிறது. வீட்டு ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, "நிஜ ரயிலை அப்படியே சுருக்கி வைத்திருக்கிறார்கள்" என்பது. பாராட்டு நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான், ஆனால் தவறு. ஒரு ரயிலை அப்படியே சுருக்கினால் அது ஓடாது. ஓடினாலும் ரயிலைப்போல் இருக்காது. மாதிரி ரயில் கட்டும் கலை சுருக்கும் கலை அல்ல. எதை எவ்வளவு சுருக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு முடிவுசெய்யும் கலை.

அளவிலிருந்தே தொடங்கலாம். உலகில் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. என்ற அளவு: நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1935இல் இந்த இடைவெளியில் மேஜை ரயில்களை விற்கத் தொடங்கியது. ஐரோப்பாவின் நிஜ இருப்புப்பாதை 1435 மி.மீ. அகலம், 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.5, கணக்கு நேராக வருகிறது. சிக்கல் பிரிட்டனில் எழுந்தது. அங்கே சுரங்கங்களும் பாலங்களும் குறுகல் என்பதால் எஞ்சின்களே ஒல்லி. 87இல் ஒரு பங்காகச் சுருக்கிய அந்த ஒல்லி உடலுக்குள் 1930களின் மின்மோட்டார் நுழையவில்லை. மோட்டாரைச் சிறிதாக்கத் தொழில்நுட்பம் இல்லாததால் உடலைப் பெரிதாக்கினார்கள். எஞ்சினும் பெட்டியும் 76இல் ஒரு பங்கு, பாதை மட்டும் பழைய 16.5 மி.மீ. இப்படி அகன்ற உடலும் குறுகிய காலுமாகப் பிறந்த ஓ.ஓ. அளவில்தான் பிரிட்டனில் பெரும்பாலோர் இன்றும் ரயில் ஓட்டுகிறார்கள். மோட்டார் எப்போதோ சிறிதாகிவிட்டது. அதற்காகச் செய்த சமரசம் அப்படியே இருக்கிறது.

நம் அகலப்பாதையின் அகலம் 1676 மி.மீ. 87இல் ஒரு பங்கு 19.26 மி.மீ. அந்த இடைவெளியில் ஆயத்தத் தண்டவாளம் கடையில் கிடைக்காது. எனவே இந்திய ரயிலை மாதிரியாகச் செய்பவர்கள் பெரும்பாலும் 16.5 மி.மீ. பாதையிலேயே ஓட்டுகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முன்னால் நின்று பார்த்தால் எஞ்சின் முழங்கால் இடிக்க நிற்பதுபோல் தெரியும்.

அகலத்தைவிட நீளம் இன்னும் முரண்டு பிடிக்கிறது. மும்பைக்கும் புனேவுக்கும் இடையே 1863இல் திறக்கப்பட்ட போர் காட் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். கர்ஜத் பக்கமிருந்து லோனாவ்ளா பக்கம் ஏறும் இந்தப் பாதை ஏறத்தாழ 25 கி.மீ. நீளம், சுமார் 558 மீட்டர் ஏற்றம். மிகச் செங்குத்தான இடத்தில் 37 அடி போனால் ஓரடி உயரும். இதை 87இல் ஒரு பங்காக்கினால் 290 மீட்டர் நீளமும் ஆறரை மீட்டர் உயரமும் கொண்ட மேடை வேண்டும். அப்படி ஓர் அறை யாரிடமும் இல்லை. சமதரையும் தப்பவில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெட்டி 24 கொண்ட வண்டி இந்த அளவில் ஆறு மீட்டருக்கு மேல்; அது நிற்கிற பிளாட்பாரமும் அவ்வளவு வேண்டும். வளைவுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது 2 மீட்டர். ஒரு வட்டம் திரும்பவே 4 மீட்டர் அகலமான அறை வேண்டும். கடையில் விற்கும் பெட்டித் தொகுப்பிலோ 36 செ.மீ. ஆரத்தில்கூட வளைவு உண்டு. நிஜத்தில் அது 31 மீட்டர். எந்த விரைவு வண்டியும் அதில் தடம்புரளும். இந்தப் போலி வளைவில் நீளப் பெட்டி திரும்பும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். கைதேர்ந்தவர்கள் இதை மறைக்கும் விதம் தனி: கூர்மையான வளைவுகளை எல்லாம் மலைக்குள், சுரங்கத்துக்குள் தள்ளிவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் அகலமான, சோம்பலான வளைவு. 25 கி.மீ. மலைப்பாதையில் இரண்டு சுரங்க வாயில், ஒரு கல் பாலம், வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும் பேங்கர் எஞ்சின்கள் ஆகிய மூன்றை மட்டும் வைத்தால், புனே–மும்பை போய்வருகிறவர் எவரும் இடத்தை அடையாளம் கண்டுகொள்வார். மற்ற 24 கி.மீ.யை அவர் தேடப்போவதில்லை.

எடையில்தான் இந்த வாதத்தின் மையம் இருக்கிறது. நீளத்தை 87ஆல் வகுத்தால் கன அளவை 87 × 87 × 87ஆல், அதாவது 6,58,503ஆல் வகுக்க வேண்டும். டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் நிஜத்தில் 112.8 டன், கணக்குப்படி மாதிரி 171 கிராம். சுமார் 38 டன் பெட்டி 58 கிராம். இந்த எடையில் பெட்டியைச் செய்து ஓட்டினால் பாதையில் ஒரு சின்ன இணைப்பு மேடு போதும், கவிழும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் ஹெச்.ஓ. பெட்டிக்குச் சொல்லும் பரிந்துரை, ஓர் அவுன்சோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்க்க வேண்டும் என்பது. ஐ.சி.எஃப். பெட்டியின் நீளத்துக்கு அது 165 கிராம் வருகிறது, 'சரியான' எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே ஈயத்துண்டோ இரும்புத் தகடோ தரைக்கடியில் ஒட்டுகிறார்கள். எஞ்சினுக்குள்ளும் அடைக்க முடிந்த இடத்திலெல்லாம் உலோகம் அடைக்கிறார்கள். அப்படியும் மின்தொடர்பு பிரச்சினை தீராது. நிஜ எஞ்சினின் ஒவ்வொரு சக்கரமும் பல டன் பாரத்தோடு தண்டவாளத்துத் தூசியை நசுக்கிவிடும். சில நூறு கிராம் எஞ்சினால் ஒரு விரல்ரேகையைக்கூட நசுக்க முடியாது. அதனால்தான் மாதிரித் தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கிறது. சக்கரத்தின் உள்விளிம்பும் அப்படியே. அகலப்பாதைச் சக்கரத்தில் அது சுமார் 28.5 மி.மீ. ஆழம், சுருக்கினால் 0.33 மி.மீ. அதே சங்கத்தின் தரம் 0.64 மி.மீ. வரை அனுமதிக்கிறது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. எடை தராத பிடிப்பை ஆழம் தருகிறது.

காலமும் சுருங்குவதில்லை. மணிக்கு 100 கி.மீ. வேகம் மாதிரியில் நொடிக்கு 32 செ.மீ.; இதை மோட்டாரால் எளிதில் தரலாம். ஆனால் ஆட்டம் வேறு கதை. ஊசலாடும் பொருள் 87 மடங்கு சிறிதானால் அதன் ஆட்டம் ஒன்பது மடங்குக்கு மேல் விரைவாகும். நிஜப் பெட்டி தடம் மாற்றும் பாயிண்டைக் கடக்கும்போது நிதானமாக இடமும் வலமும் சாய்ந்து எழும். மாதிரிப் பெட்டி வெடவெடவென்று நடுங்கும். எனவே ஆட்டத்தையே அடக்கிவிடுவது உத்தமம். அதேபோல் மின்சாரத்தை நிறுத்தினால் மாதிரி எஞ்சின் அந்த இடத்திலேயே உறைந்து நிற்கும்; ஓடிவந்த பாரம் அதை முன்னால் இழுத்துப்போகாது. பழைய 12 வோல்ட் நேர்மின்சார முறையில் இதற்கு மருந்து, மோட்டார் அச்சில் பொருத்திய பித்தளைச் சுழல்சக்கரம். 1990களில் தரப்படுத்தப்பட்ட டி.சி.சி. எண்ணியல் முறையில் வேறு வழி வந்தது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும்; அந்த மின்சாரத்திலேயே நீளமும் குட்டையுமான துடிப்புகளாகக் கட்டளை போகும். எஞ்சினுக்குள் இருக்கும் சில்லு தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு, 'மெதுவாக நில்' என்றால் மெதுவாகவே நிற்கும். இல்லாத எடையை மென்பொருள் நடித்துக் காட்டுகிறது.

பெட்டிகளுக்கு நுணுக்க வேலை செய்வதிலும் இதே தர்க்கம்தான், ஆனால் இங்கே நீதிபதி இயற்பியல் அல்ல, கண். அரை மீட்டர் தள்ளி ஹெச்.ஓ. பெட்டியைப் பார்ப்பது, நிஜப் பெட்டியை 43 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். இரண்டாம் வகுப்பு ஜன்னலின் குறுக்குக் கம்பி 12 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் 0.14 மி.மீ., தலைமுடியைவிடச் சற்றே தடிமன். 43 மீட்டரில் நல்ல கண்ணுக்கு அது தெரியும் எல்லையிலேயே இருக்கிறது. ஆனால் கம்பியே இல்லாமல் விட்டால் அது இந்தியப் பெட்டி இல்லை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எனவே கால் மி.மீ. கம்பி, அளவுக்கு மீறிய தடிமன், அதுவே சரி. நிறத்திலும் அப்படி. நிஜப் பெயின்ட்டின் அதே கறுப்பை அடித்தால் மாதிரி பொம்மைபோல் பளபளக்கும். தூரத்தில் காற்று கறுப்பைச் சாம்பலாக்குவதற்கு நம் கண் பழகியிருக்கிறது. கறுப்பில் கொஞ்சம் சாம்பல், நீலத்தில் கொஞ்சம் வெள்ளை சேர்த்து, மேலே பளபளப்பில்லாத வார்னிஷ். அடுத்தது அழுக்கு. பழைய பெட்டிகளில் பிரேக் கட்டை சக்கரத்தின் மேலேயே உராய்வதால் சக்கரங்களைத் தாங்கும் போகி முழுக்கத் துருநிறப் பொடி படியும். கூரையில் கரி, படிக்கட்டில் தேய்ந்த இரும்பு. கழிவறைக்கு நேர் கீழே ஒரு நீண்ட கறை வைக்காதவர், பழைய பாசஞ்சர் வண்டியை உற்றுப் பார்த்ததே இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆயத்தமாகக் கிடைக்கும் இந்திய மாதிரிகள் குறைவு என்பதால் இன்னொரு திறமையும் தேவைப்படுகிறது: உறவு தேடுவது. டபிள்யூ.டி.எம்.2 அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு. மூன்று அச்சுகள் சமமற்ற இடைவெளியில் அமைந்த அதன் போகி, ஆல்கோவின் சில அமெரிக்க எஞ்சின்களிலும் உண்டு. அவற்றின் மாதிரியை வாங்கி, உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, மேலே பிளாஸ்டிக் தகட்டில் இந்திய உடலைக் கட்டலாம். பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெட்டி சுவிட்சர்லாந்து வடிவமைப்பு; அதற்கு உறவை அங்கே தேடலாம். ஆயத்தமாகக் கிடைக்கும் பாகம் எது, புதிதாகச் செய்ய வேண்டிய பாகம் எது என்று கண்டுபிடிக்க, ரயில் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நிலக்காட்சியிலும் சுருங்காத ஒன்று உண்டு: நீர். தண்டவாளத்துக்கிடையே பொடிக்கல்லைத் தூவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டினால், அது உள்ளே இறங்காது. முத்துப்போல் திரண்டு நின்று, கல்லையும் தன்னோடு இழுத்துக்கொண்டு உருளும். நீரின் பரப்பு இழுவிசை நிஜ அளவிலேயே இருக்கிறது, கல்தான் மணலாகிவிட்டது. ஒரு துளி பாத்திரம் துலக்கும் சோப்பைக் கலந்தால் இழுவிசை குறைந்து பசை ஊறி இறங்கும். ஆறு, குளத்துக்கு உண்மை நீரை ஊற்றினால் அதன் அலையும் துளியும் மாதிரிக்குப் பூதாகரமாகத் தெரியும். எனவே ரெசின் ஊற்றி இறுகவைக்கிறார்கள்.

இவ்வளவு திரிபு இருந்தால் இது பொம்மைதானே என்று கேட்கலாம். பொம்மையிலும் திரிபு உண்டு. ஆனால் ஏன் திரிந்தது என்று யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. இங்கே ஒவ்வொரு மி.மீ.க்கும் காரணம் கேட்டால் சொல்ல வேண்டும். எதிர்முனையில் தூய்மைவாதிகள் இருக்கிறார்கள். பிரிட்டனில் ஓ.ஓ.வின் குறுகலைப் பொறுக்காதவர்கள் 18.83 மி.மீ. பாதையும் நிஜ விகிதச் சக்கரமும் கொண்ட பி4 என்ற தரத்தை உருவாக்கினார்கள். அவர்களுடைய பாதை கண்ணுக்கு நிறைவு, மறுப்பதற்கில்லை. ஆனால் விளிம்பைச் சரியான ஆழத்துக்குக் குறைத்ததும் சக்கரங்கள் தடம்புரளத் தொடங்கின. ஒவ்வோர் அச்சும் மேலும் கீழும் அசையும்படி சுருள்கம்பி வைக்க வேண்டிவந்தது. ஓரிடத்தில் துல்லியத்தை மீட்டால் இன்னோரிடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கணினி சிமுலேட்டரில் எடையும் காலமும் பிசகாமல் வருமே என்பது மூன்றாவது ஆட்சேபம். வரும். அங்கே எண்கள் எவ்வளவு பெரிதானாலும் மேஜை உடையாது; ஆகவே எதை விடுவது என்ற கேள்வியே எழுவதில்லை.

ஜோஷி அருங்காட்சியகத்தைப் பற்றிய ஒரு குறை இதோடு சேர்ந்தது: புனேயில் இருந்துகொண்டு பெரும்பாலும் வெளிநாட்டு ரயில்களை ஏன் ஓட்ட வேண்டும்? 1930 முதல் இந்த ஊருக்கு வந்துபோகும் டெக்கான் குவீன் இல்லையா? காரணம் ரசனை மட்டும் அல்ல, 16.5 மி.மீ. பாதையும்தான், அது ஐரோப்பாவுக்கு அளவெடுத்தது. பழைய 17 பெட்டி டெக்கான் குவீன் வேண்டுமென்றால் எஞ்சினைச் சேர்க்காமலே நாலே கால் மீட்டருக்கு மேல் ஒதுக்க வேண்டும். பாதி பெட்டியை விட்டுவிட்டு, உணவுப் பெட்டியை மட்டும் விடாமல் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆனால் 2022 மார்ச் முதல் இந்த ஊரிலேயே ஹெச்.ஓ. பாதைக்குப் பிசகாமல் பொருந்தும் ரயில் ஒன்று ஓடுகிறது. அதே கோத்ருட் வழியாக வனாஸிலிருந்து போகும் புனே மெட்ரோ 1435 மி.மீ. பாதையில், மூன்றே பெட்டிகளோடு ஓடுவது. மாதிரியில் ஏறத்தாழ முக்கால் மீட்டரில் அடங்கிவிடும். மேஜையில் தொடங்குகிறவருக்கு இதைவிட நேர்மையான இந்திய ரயில் கிடையாது. மேலே போகும் மின்கம்பி மட்டும் அங்கேயும் அடம்பிடிக்கும். கணக்குப்படி அது 0.14 மி.மீ.; கூரையிலிருந்து அதைத் தொடும் பென்டோகிராஃப் பட்டாலே நெளிந்துவிடும். அரை மி.மீ. கம்பி கட்டி, மின்சாரத்தைக் கீழே தண்டவாளத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். குனிந்து உற்றுப் பார்க்கிறவர்களுக்காகப் பென்டோகிராஃபை ஒரு மயிரிழை தாழ்த்தி வைப்பவர்களும் உண்டு.