சிலப்பதிகாரத்துக் கனவுகளும் நனவிலி உள்ளமும்

கனவு தமிழ் இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறியபின் வேறாக எண்ணும் 32 மெய்ப்பாடுகளுள் துஞ்சல், அரற்று, கனவு என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. உறக்கமும், வாய்விட்டுப் புலம்பலும், கனவும் ஒரு நிரலில் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. உள்ளத்து நிகழ்வது புறத்தே புலப்படும் வழிகளுள் ஒன்றாகக் கனவு ஈண்டுக் கொள்ளப்பட்டது. பொருளியலில் அவர் காதலர்க்குக் கனவு உரித்து என்றும், மகள் உடன்போகியவழித் தாய்க்கும் அஃது உரித்து என்றும் வகுத்தார்.

மற்றொன்றும் நோக்கற்பாலது. திருக்குறளின் 122ஆம் அதிகாரத்தின் பெயர் 'கனவுநிலை உரைத்தல்' என்பது. சிலப்பதிகாரத்துள் கண்ணகியின் கனவு இடம்பெறும் காதை 'கனாத்திறம் உரைத்த காதை' எனப்படும். இரண்டிடத்தும் கனவு காண்டல் கூறப்படவில்லை; உரைத்தலே பெயராயிற்று. இவ்வுரைத்தல் என்னும் செயலை இக்காலத்து உளவியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நனவிலி உள்ளம்

நாம் அறிந்து நினைப்பனவும், முயன்றால் நினைவிற்கு வருவனவும் மட்டுமே உள்ளம் அன்று. நம் அறிவிற்கு எட்டாது நின்று நம்மை இயக்கும் பகுதியும் உண்டு என்பது உளப்பகுப்பாய்வின் அடிப்படை. இதனை விரிவாக நிறுவ முயன்றவர் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு. கனவுகளின் விளக்கம் பற்றிய அவருடைய பெருநூல் 1899 நவம்பரில் வெளிவந்தது. தலைப்பேட்டில் 1900 என்று பொறிக்கப்பட்டது.

அந்நூல் கனவை இரு கூறாக்கும். கண்டவர் நினைவில் நிற்பது வெளிப்படைப் பொருள். அதன் பின்னின்று அதனைத் தோற்றுவித்த எண்ணம் மறைபொருள். மறைபொருள் வெளிப்படையாக மாறும் தொழிலில் சில முறைகள் உள. பல எண்ணங்கள் ஓர் உருவில் செறிதல் ஒன்று. ஒன்றற்குரிய உணர்ச்சி மற்றொன்றன்மேல் இடம்பெயர்தல் மற்றொன்று. எண்ணம் காட்சியாதலும், சிதறிய காட்சிகள் கதைபோல் ஒழுங்குபடுதலும் ஏனையவை.

பேச்சும் இவ்வாறே என்பது 1901இல் அவர் வெளியிட்ட ஆய்வின் முடிபு. ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் ஒருவர், கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்தவர், கூட்டம் முடிவுற்றது என்று அறிவித்துவிட்ட நிகழ்ச்சியை அவர் எடுத்துக்காட்டினார். கூட்டத்தால் நன்மை விளையாது என்று கருதிய உள்ளம் நாவை முந்திக்கொண்டது என்பது அவர் விளக்கம்.

பிராய்டின் கொள்கை முழுவதையும் இன்று ஏற்பார் சிலரே. எல்லாக் கனவும் விழைவின் நிறைவேற்றமே என்னும் கூற்று பலரால் மறுக்கப்பட்டது. 1953இல் சிகாகோப் பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உறக்கத்தில் கண்கள் விரைந்து அசையும் நிலையைக் கண்டு, அதனைக் கனவொடு தொடர்புபடுத்தினர். 1977இல் ஹாப்சனும் மெக்கார்லியும் மூளைத்தண்டின் கிளர்ச்சியை மூளை இயைத்துப் பொருள்படுத்துவதே கனவு என்றனர். எனினும் பிராய்டு கண்ட ஓர் உண்மை இம்மறுப்புகளால் அழியவில்லை. ஆராய்வார்க்குக் கிட்டுவது கனவு அன்று, கனவைப்பற்றிய உரையே. ஆதலின் அவர், விளங்காத கனவை மீண்டும் ஒருமுறை கூறுமாறு நோயாளரை வேண்டுவார். இரண்டாம் முறை எவ்விடத்துச் சொல் மாறுகின்றதோ, அவ்விடமே மறைப்பின் நெகிழ்ந்த இடம் என்று கொண்டு ஆங்கிருந்தே ஆய்வைத் தொடங்குவார்.

காப்பியத்தில் இது பொருந்துமா?

காப்பிய மாந்தர் மருத்துவர்முன் அமர்ந்து தம் நினைவுகளைத் தொடுத்துக் கூறார். நூலிற்கு வெளியே அவர்க்கோர் உள்ளம் இல்லை. இத்தடையைப் பிராய்டும் உணர்ந்தார். 1907இல் யென்சன் என்னும் செருமானிய ஆசிரியரின் 'கிராதிவா' என்னும் கதையை ஆராய்ந்த அவர், எவராலும் காணப்படாத, புலவன் படைத்த கனவுக்கும் பொருள் உண்டு என்று காட்ட முற்பட்டார். அதனை நாமும் கொள்ளலாம். ஆனால் நூல் தரும் சொல்லளவில் நிற்றல் வேண்டும். இன்ன பொருள் கனவில் வந்தால் இன்னது குறிக்கும் என்று அட்டவணையிட்டு உரைப்பது, அடியார்க்குநல்லார் மேற்கோளாகக் காட்டும் பொன்னவன் கனாநூலின் முறைக்கே நம்மை மீட்டுச் செல்லும், உளவியல் ஆகாது.

மூன்று கனவுகள்

கண்ணகி தன் கனவைத் தேவந்திக்கு உரைக்கின்றாள். கணவன் தன் கைபற்றிச் செல்ல இருவரும் ஒரு பெருநகருள் புக்கமை, ஊரார் ஏலாத பழிமொழியைத் தேளிடுவதுபோல் தன்மேல் இட்டமை, கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டமை, அரசன்முன் தான் எடுத்துரைத்தமை என்று நிரலே கூறிவருகின்றாள். அரசனுக்கும் ஊருக்கும் நேர்ந்த தீங்கினைக் கூறவேண்டிய இடத்தில் அதனை உரையேன் என்று நிறுத்திவிடுகின்றாள். பின் தானும் கணவனும் உற்ற நற்றிறத்தைக் கேட்டால் நகைப்பிற்கு இடமாகும் என்று முடிக்கின்றாள்.

இருகுறிப்புகள் ஈண்டு நோக்கத்தக்கன. மதுரையில் பழி கோவலன்மேல் விழுகின்றது. கனவுரையில் கண்ணகி அது தன்மேல் இடப்பட்டதாகக் கூறுகின்றாள். ஒருவர்க்கு உரியது மற்றொருவர்மேல் இடம்பெயர்தல் இது. அன்றியும், அவள் உரை அறுபடும் இடம் தன் துயரைக் கூறும் இடம் அன்று. அரசும் ஊரும் அழியும் இடம். புகாரில் அடங்கியிருந்த மனையாள் மதுரையில் எரியூட்டும் மறத்தியானது எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை இங்கே கிடக்கின்றது. அரசன்முன் நின்று வழக்குரைக்கும் கண்ணகி புகாரிலேயே இருந்தாள். அவளை அறிவிக்க அவளுடைய நாவே இசையவில்லை.

உடனே கோவலன் வருகின்றான். செல்வம் தொலைத்தமை நாணுத்தரும் என்கின்றான். அவள் முறுவல் காட்டிச் சிலம்புள்ளன, கொள்க என்கின்றாள், கனவைக் கூறவில்லை. மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்மையால் அவன் வருந்துகின்றான் என்று கருதியே அங்ஙனம் கூறினாள் என்பது உரைமரபு. கொலைக்களக் காதையில் அவள், தன் மாமனும் மாமியும் தன் வாய்மையல்லாத முறுவலைக் கண்டு உள்ளகத்து நோயை உணர்ந்து வருந்தினர் என்று தானே கூறுவாள். புகாரில் அவள் முறுவல் எதனை மூடிற்று என்பதற்கு அவள் வாய்மொழியே சான்று. கனாத்திறக் காதையின் இறுதி வெண்பாவோ, அக்கனவு மாதவியின் சொல்லை வறிதாக்கியது என்னும். கோவலன் கேளாத கனவே கோவலனை நடத்துகின்றது.

அடைக்கலக் காதையில் கோவலன் தான் கண்டதை மாடலனுக்கு உரைக்கின்றான். ஓர் இழிந்தோனால் கண்ணகி நடுங்குதுயர் எய்துதல், தன் ஆடை கொள்ளப்படுதல், கொம்புடைய விலங்கினை ஊர்தல், பற்றற்றோர் பெறும் பேற்றை அவளுடன் பெறுதல், மாதவி மணிமேகலையை அறவோன்முன் அளித்தல் ஆகியன அக்கனவில் செறிந்துள்ளன. விரைவில் தீங்கு வரும் என்று அவனே கூறுகின்றான். கூறியும் ஊருக்குள் செல்கின்றான். அவன் கண்ணகிக்கு அதனை உரைத்ததாக நூல் கூறவில்லை. கொலைக்களக் காதையில் தன் குற்றங்களை அவள்முன் எண்ணி இரங்குமிடத்தும் இருவர் கனவும் இருவர் வாயினும் வரவில்லை.

வழக்குரை காதையில் கோப்பெருந்தேவி, குடையும் செங்கோலும் வீழக் கண்டதைத் தோழிக்கு உரைத்துப் பின் அரசனிடமே சென்று உரைக்கின்றாள். தன் கனவைத் தன் துணைக்கு உரைத்தவள் இவள் ஒருத்தியே. அரசன் விடை கூறியதாக நூலில் இல்லை. அடுத்துக் கேட்பது வாயிலில் கண்ணகியின் குரல்.

முடிபு

இம்மூன்று கனவும் வருவதுரைப்பன. கனவு எதிர்காலத்தை அறிவிக்கும் என்பதைப் பிராய்டு ஏற்கார்; கனவு இறந்தகாலத்தைப் பற்றியதே என்பது அவர் கொள்கை. அடிகளோ ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதைக் காட்டவே காப்பியம் செய்தார். ஆகவே ஒன்றை மற்றொன்றால் அழித்தல் நமக்கு ஏலாது. கனவில் நிகழ்வது ஊழுக்கு உரியது. கனவை உரைக்கும் முறை உரைப்பார் உள்ளத்திற்கு உரியது என்று பிரித்துக்கொள்ளின், இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்.

எனவே கனவுப் பகுதிகளைக் கற்போர், எது நடக்கப்போகின்றது என்று முன்னோக்குவதோடு அமையாது, யார் யார்க்கு உரைக்கின்றார், எவ்விடத்து உரை நிற்கின்றது, உரைக்கப்படாதது யார்க்கு என்பவற்றையும் வினவுதல் வேண்டும். கண்ணகியும் கோவலனும் தத்தம் கனவைப் பிறர்க்கு உரைத்தனர், தம்முள் உரைத்திலர். அவர்தம் இல்வாழ்வில் நேர்ந்த பிளவு எத்துணை ஆழமுடையது என்பதை, வாய்விட்டுக் கூறிய மொழிகளினும் இக்கூறாமையே நமக்கு மிகுதியாக அறிவிக்கின்றது.