செலக்‌ஷன் முகாமுக்குப் போகிறானா உங்கள் பிள்ளை?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு நெசவாளர் வீடு. பையனுக்கு 13 வயசு. ஏழாவது முடித்து எட்டாவது போகப்போகிறான். ஃபுட்பால் என்றால் உயிர். மாவட்ட அளவில் நடந்த விளையாட்டு விடுதித் தேர்வில் நன்றாக ஆடியதில், மாநில அளவிலான செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீடே திருவிழா ஆகிவிட்டது. ‘‘தினம் ரெண்டு முட்டை கொடு’’ என்றார் மாமா. ‘‘புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுங்க’’ என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ‘‘இன்னும் இருபது நாள்தான் இருக்கு. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஓடுடா’’ என்றார் அப்பா. பையனும் ஓடினான்.

பத்தாவது நாள். தறிக்குழிக்குள் உருண்டு விழுந்த பந்தை எடுக்கப் போனவன், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குவதை அம்மா பார்த்துவிட்டார். டிராயரைத் தூக்கிப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே முண்டு போல ஒரு வீக்கம்.

‘‘எத்தனை நாளாடா இப்படி?’’

‘‘போன மாசத்துலேர்ந்து.’’

‘‘ஏன் சொல்லல?’’

‘‘சொன்னா செலக்‌ஷனுக்கு அனுப்ப மாட்டீங்களே!’’

விளையாடுகிற பிள்ளைகள் பலரும் மனசுக்குள் வைத்திருக்கும் பதில் இது. முகாமுக்குப் போகிற பிள்ளைக்கு பூட்ஸ் வாங்குவதற்கும், சத்து மாவு அரைப்பதற்கும் முன்னால் நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

முகாமில் என்ன பார்க்கிறார்கள்?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-ல் தொடங்கப்பட்டது. அதன் விளையாட்டு விடுதிகளில் வழக்கமாக 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் விடுதியிலேயே. படிப்பு பக்கத்துப் பள்ளியில். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்புதான். இது தவிர, 1984-ல் அமைந்த இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையங்களும், தனியார் அகாடமிகளும் செலக்‌ஷன் நடத்துகின்றன.

ஃபுட்பால் செலக்‌ஷனில் பொதுவாக மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, வேகம். குறைந்த தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறான் என்பது. இரண்டு, தாக்குப்பிடிக்கும் சக்தி. இதற்குப் பல இடங்களில் ‘பீப் டெஸ்ட்’ வைக்கிறார்கள். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ‘பீப்’ சத்தம் வருவதற்குள் ஒரு கோட்டிலிருந்து மற்றதற்கு ஓட வேண்டும். மணிக்கு 8.5 கிலோ மீட்டர் வேகத்தில் தொடங்கி, நிமிஷத்துக்கு நிமிஷம் வேகம் கூடிக்கொண்டே போகும். மூன்றாவது, பந்தைக் கையாளும் விதமும், ஆட்டத்துக்கு நடுவே தலையைத் தூக்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிற புத்தியும்.

இந்த மூன்றில் எதுவுமே கடைசி இருபது நாளில் வந்துவிடாது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்வது போல உடம்பைத் தயார் செய்ய முடியாது. பதினைந்து நாள் சேலையை மூன்று நாளில் நெய்யச் சொன்னால் எந்த நெசவாளராவது ஒப்புக்கொள்வாரா? உடம்பும் அப்படித்தான். குறைந்தது ஆறு வாரம் முன்பிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்ட வேண்டும். கடைசி இரண்டு மூன்று நாள் குறைக்க வேண்டும்.

விளையாட்டு மருத்துவர்கள் ஒரு சுலபமான கணக்குச் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் பயிற்சியும் போட்டியுமாக ஆடும் மொத்த மணி நேரம், பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 13 வயசுப் பையனுக்கு வாரம் 13 மணி நேரம்தான் எல்லை. ஐயம்பேட்டை அப்பா போட்ட கணக்கு? தினம் 3 மணி நேரம், வாரத்துக்கு 21 மணி நேரம்! வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்பதும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

முழங்கால் முண்டு ஏன் வருகிறது?

பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும், பையன்கள் சுமார் 14 வயதிலும் கிடுகிடுவென்று வளர்கிறார்கள். ஒரே வருஷத்தில் 8, 9 சென்டிமீட்டர்கூட உயர்ந்துவிடுவது உண்டு. எலும்பு நீளுகிற வேகத்துக்குத் தசையும் தசைநாணும் ஈடுகொடுக்க முடிவதில்லை. பாவை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால் என்ன ஆகும்? கட்டின இடத்தில் முழு இழுவிசையும் விழும். அதே கதைதான் இங்கேயும். தொடைத் தசையின் நாண் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒட்டியிருக்கும் இடம் இந்த வயதில் இன்னும் கெட்டிப்படாத குருத்தெலும்பு. ஓடும்போதும், குதிக்கும்போதும், பந்தை உதைக்கும்போதும் அந்த இடம் திரும்பத் திரும்ப இழுபடுகிறது. வீங்குகிறது, வலிக்கிறது.

இதற்கு ‘ஆஸ்குட் ஷ்லாட்டர்’ என்று பெயர். அமெரிக்க டாக்டர் ஆஸ்குட்டும் சுவிஸ் டாக்டர் ஷ்லாட்டரும் 1903-ல் தனித்தனியாக இதை விவரித்தார்கள். இரண்டு பேர் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. இதே மாதிரி குதிகாலில் வருவதும் உண்டு. 8 வயதிலிருந்து 14 வயதுக்குள் விளையாடுகிற பிள்ளை குதிகாலை ஊன்றாமல் நடந்தால் அதையும் கவனியுங்கள்.

பயப்பட வேண்டிய நோய் இல்லை. வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால், வலியோடு தொடர்ந்து ஓடினால் மாதக் கணக்கில் இழுத்தடிக்கும். ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைப்பது, விளையாடியபின் 15 நிமிஷம் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், தொடைத் தசையை நீட்டி மடக்கும் பயிற்சி... இவ்வளவுதான் வைத்தியம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு செலக்‌ஷனில் ஓடுவது மட்டும் கூடவே கூடாது.

ஒரு எச்சரிக்கை: ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சலோடு வருகிற வலி, நொண்டி நடப்பது, மூட்டே வீங்குவது... இவை இருந்தால் ‘வளர்ற வலி’ என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

காயத்தைத் தடுக்க ஒரு நல்ல வழியும் இருக்கிறது. சர்வதேச ஃபுட்பால் சம்மேளனமான ‘ஃபிஃபா’ 2006-ல் கொண்டுவந்த ‘லெவன் பிளஸ்’ என்கிற 20 நிமிஷ வார்ம்-அப். மெல்ல ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் வளையாமல் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் சாதாரண பயிற்சிகள்தான். நார்வேயில் சுமார் 1,900 பள்ளி வயதுப் பெண்களிடம் செய்த ஆய்வில் (2008), இதைச் செய்தவர்களுக்குக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. உங்கள் பிள்ளையின் பி.டி. மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

என்ன சாப்பிடலாம்?

வளரும் 13 - 15 வயசுப் பையனுக்கு ஒரு நாளைக்கு சுமார் 45 கிராம் புரதம் தேவை. விளையாடுகிற பிள்ளைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் 7 கிராம் கிடைத்துவிடும். மீதி சோறு, இட்லி, பருப்பிலேயே வந்துவிடுகிறது. டப்பா பவுடருக்குக் கொடுக்கிற பணத்தை முட்டைக்கும் கடலைக்கும் கொடுங்கள்.

முகாம் அன்று காலை, ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். சாதா இட்லி நாலு, சாம்பார், ஒரு வாழைப்பழம் போதும். ‘நம்ம ஊர் விசேஷமாச்சே’ என்று நெய் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியை அன்றைக்குத் திணிக்காதீர்கள். எண்ணெய், நெய் சேர்ந்தால் ஜீரணமாக நேரம் ஆகும். பழக்கமில்லாத எதையும் அன்று புதிதாகக் கொடுக்கக் கூடாது.

தூக்கமும் சாப்பாடு மாதிரிதான். 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம், அதற்குக் கீழே 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். விடியற்காலை நாலரைக்கு எழுப்பி ஓட விடுகிறவர்கள், ராத்திரி எட்டரைக்குப் படுக்கவும் வைக்க வேண்டும்.

வெயில்... ஜாக்கிரதை!

செலக்‌ஷன்கள் பலவும் கோடையில்தான் வருகின்றன. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஆகவே பயிற்சியைக் காலை இளவெயிலில் தொடங்கி, நாளுக்கு நாள் சிறிது நேரம் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? விளையாடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். 42 கிலோ இருந்தவன் 41.2 கிலோ ஆகிவிட்டால், 800 மில்லி வியர்த்திருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒரு லிட்டருக்குச் சற்று மேலாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஆட்டத்தின்போது 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர். உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ் நல்லது. ஒரேயடியாக இரண்டு மூன்று லிட்டர் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்துதான். ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.

மைதானத்தில் பிள்ளை உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மற்றவர்கள் நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வண்டி வரும் வரை காத்திருக்காதீர்கள். நினைவில்லாத பிள்ளை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உயிரைக் காப்பாற்றுவது அந்த முதல் நிமிஷங்கள்தான்.

தலையில் பலமாக அடிபட்ட பிள்ளை, ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொன்னாலும் அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது. தலைவலி, வாந்தி, குழப்பம் இருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

பெண் பிள்ளைகளுக்கு...

தமிழகப் பெண்கள் அணி தேசிய சீனியர் ஃபுட்பால் பட்டத்தை 2018-லும் 2023-லும் வென்றிருக்கிறது. ஆகவே பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்காதீர்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்: ஹீமோகுளோபின். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 - 19 வயதுப் பெண்களில் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. 12 கிராமுக்குக் கீழே இருந்தால், எவ்வளவு பயிற்சி செய்தாலும் சீக்கிரம் மூச்சு வாங்கும். கோச் அதைச் ‘சோம்பேறித்தனம்’ என்று நினைத்துவிடலாம்! முருங்கைக்கீரை, பேரீச்சை, ஈரல், கூடவே எலுமிச்சை அல்லது நெல்லிக்காய். சாப்பிட்டவுடன் காபி, டீ வேண்டாம். இரும்பு மாத்திரை டாக்டரைக் கேட்டு. கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு நின்றுபோனால், சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

செலக்ட் ஆகாவிட்டால்?

வயதுப் பிரிவுகளுக்குப் பெரும்பாலும் ஜனவரி 1-தான் கணக்கு. அதனால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி வித்தியாசம்! பல நாடுகளில் இளைஞர் அணிகளை எண்ணிப் பார்த்தால், வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம். திறமையால் மட்டுமல்ல, முன்னதாக வளர்ந்ததாலும்தான்.

இங்கிலாந்தின் ஜேமி வார்டியை, ‘உருவம் போதாது’ என்று 16 வயதில் ஒரு கிளப் கழற்றிவிட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன கிளப்களில் ஆடினார். 2016-ல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் கோப்பையை வென்றபோது அந்த அணியின் முக்கிய கோல் வீரர் அவர்தான். ஆகவே, ‘நீ ஆகலை’ என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். ‘இந்த வருஷம் ஆகலை’ என்று சொல்லுங்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். மணிக்கட்டை ஸ்கேன் செய்து வயதை மதிப்பிடுகிற காலம் இது.

ஐயம்பேட்டைப் பையன் என்ன ஆனான்? டாக்டர் ஆறு வாரம் ஓட வேண்டாம் என்றுவிட்டார். செலக்‌ஷனுக்குப் போகவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதான். ‘‘வலி வந்த முதல் வாரமே சொல்லியிருந்தா, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, அனேகமா அனுப்பியிருக்கலாமேப்பா’’ என்று டாக்டர் சொன்னதுதான் அவன் மனசில் பதிந்துபோனது. அடுத்து ஒன்பதாம் வகுப்புக்கான தேர்வு இருக்கிறது. இப்போது மறுபடி ஆடுகிறான், வார்ம்-அப் செய்துவிட்டு.

அவன் அம்மா இப்போது தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி கேட்கிறார். ‘‘எத்தனை கோல் போட்டே?’’ அல்ல. ‘‘இன்னிக்கு எங்கேயாவது வலிச்சுதாடா?’’

நீங்களும் கேளுங்கள். ‘ஆமாம்’ என்று பிள்ளை சொன்னால், திட்டாதீர்கள்.

முகாமுக்குப் போகும் பையில்...

* இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். (பாக்கெட் கிடைக்காவிட்டால்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.)
* ஏற்கெனவே போட்டுப் பழகிய பூட்ஸ். புது பூட்ஸ் காலைக் கடிக்கும்.
* இரண்டு ஜோடி காட்டன் சாக்ஸ், தொப்பி, துண்டு.
* வாழைப்பழம், கடலை மிட்டாய்.
* ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர். கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.
* பிறந்த தேதிச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று.
* வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு.