தனிமையும் ஒரு பசி

2020 மார்ச் 25 அன்று கொரோனாவால் நம் நாடு ஊரடங்குக்குள் போனது. அந்த நாட்களில் சமூக வலைதளங்களில் ஒரே கருத்து பல மீம்களாகச் சுற்றி வந்தது: இன்ட்ரோவெர்ட்களுக்கு இனிக் கொண்டாட்டம், எக்ஸ்ட்ரோவெர்ட்களுக்குத்தான் திண்டாட்டம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குகிறவருக்கு வீட்டில் இருப்பதில் என்ன கஷ்டம்?

ஆஸ்திரேலியாவின் வாலங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர் மேரியன் வெய் அதே ஆண்டில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். சிறிய ஆய்வுதான். ஆனால் விடை தலைகீழாக இருந்தது. இன்ட்ரோவெர்ட் இயல்பு கூடக்கூட தனிமை உணர்வும் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிந்தன.

யோசித்தால் காரணம் பிடிபடும். கலகலப்பானவர் நேரில் பார்க்க முடியாவிட்டால் பத்துப் பேருக்கு போன் போட்டுப் பேசிவிடுவார். அமைதியானவருக்கு இருப்பதே இரண்டு மூன்று நட்புகள். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரும் டீக்கடையில் தினமும் பார்க்கும் முகமும்தான் அவருக்கு உலகத்தோடு இருந்த தொடர்பு. ஊரடங்கு அதைச் சத்தமில்லாமல் அறுத்துவிட்டது. அவரோ யாரையும் தானாக அழைத்துப் பேசுகிறவர் இல்லை.

மனிதர்களைப் பார்க்காமல் இருந்தால் மூளைக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிவியா டோமோவா, ரெபெக்கா சாக்ஸ் குழுவினர் கொரோனாவுக்கு முன்பே ஒரு சோதனை செய்திருந்தார்கள். 40 பேர். ஒவ்வொருவரும் ஒரு நாள் 10 மணி நேரம் ஜன்னல் இல்லாத அறையில் தனியாக இருந்தார்கள். கையில் செல்போன் இல்லை. சாப்பாடு கதவுக்கு வெளியே வைக்கப்பட்டது. கழிப்பறைக்குப் போனால்கூட அங்கே யாரும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அனுப்பினார்கள். கடைசியில் யார் முகத்தையும் பார்க்காமல் தாங்களே ஸ்கேன் கருவிக்குள் படுத்துக்கொள்ளவும் பழக்கியிருந்தார்கள். வேறொரு நாள் அதே ஆட்கள் 10 மணி நேரம் பட்டினி கிடந்தார்கள்.

பட்டினி கிடந்தவருக்கு உணவுப் படத்தைக் காட்டியபோது, ஆசையைத் தூண்டும் நடுமூளைப் பகுதி விழித்துக்கொண்டது. தனித்திருந்தவருக்கு, மனிதர்கள் கூடிச் சிரிக்கும் படத்தைக் காட்டியபோது விழித்ததும் அதே பகுதிதான். 10 மணி நேரத் தனிமையே மூளைக்கு ஒரு பசி. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. நல்ல நட்புச் சூழலில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பசி பலமாக எழுந்தது. நெடுநாளாகத் தனிமையில் வாடியவர்களுக்கு மங்கலாகவே இருந்தது. ஒருவர் ஏங்கவில்லை என்பதாலேயே அவர் நலமாக இருக்கிறார் என்று எண்ணிவிட முடியாது.

இப்படி மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்தால் நம் குணமே மாறிவிடுமா? புதியதை நாடுதல், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்குதல் என்று ஐந்து கூறுகளாக உளவியலாளர்கள் குணத்தை அளக்கிறார்கள். வயது வந்தவர்களிடம் இவை மிக மெதுவாகவே மாறும். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலினா சூட்டின் குழு கொரோனாவுக்கு முன்பும் கொரோனா காலத்திலும் 7,109 அமெரிக்கர்கள் தந்த பதில்களை ஒப்பிட்டு, 2022-ல் முடிவை வெளியிட்டது. 2020-ல் பெரிய மாற்றம் இல்லை. 2021, 2022-ல் கலங்குதல் தவிர மற்ற நான்கும் சற்றுக் குறைந்திருந்தன. அந்தச் சரிவு, சாதாரணமாகப் பத்தாண்டுகளில் நடக்கும் மாற்றத்தின் அளவு இருந்தது. இளைஞர்களிடம் கலங்கும் இயல்பு கூடி, பொறுப்புணர்வும் இணக்கமும் தேய்ந்தன. உருவாகும் வயதில் கல்லூரியும் நண்பர்களும் வேலையும் கைக்கு எட்டாமல் போனதை நினைத்தால் இது வியப்பில்லை.

ஆறுதலான சேதியும் இருக்கிறது. இங்கிலாந்தில் 36,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில், பதற்றமும் மனச்சோர்வும் முதல் ஊரடங்கின் தொடக்க வாரங்களில்தான் உச்சத்தில் இருந்தன. பிறகு இறங்கின. மனம் வளையவும் செய்யும், நிமிரவும் செய்யும்.

ஆனால் எல்லோர் மனமும் தானாக நிமிராது. ஆகவே "அவன் சுபாவமே அப்படி, தனியா விட்டுடு" என்று யாரையும் ஒதுக்கிவைக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த அமைதியான ஒருவருக்கு இன்றே நீங்களாக போன் செய்யுங்கள். பாரம் தாங்க முடியாத நிலையில் இருப்பது நீங்கள் என்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.